ஒலியைக் குறைத்த பிறகு கேட்டவை: ‘பிளாக் சாபத்’ குறுந்தட்டும் ‘ஹாலோவீன்’ டிவிடியும், 20 ஆண்டுகளுக்கு மேல்

பழைய டிவிடி பிளேயரின் லேசர் லென்ஸை மாற்றி வாங்கி வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. பழுது பார்த்தவர் ஏதோ ஒரு படப்பாடல் தட்டைக் கடையிலேயே ஓடவிட்டுக் காட்டி அனுப்பிவிட்டார். ஆனால் ஒரு பிளேயர் உண்மையிலேயே பிழைத்துக்கொண்டதா என்பதை நான் எப்போதும் இரண்டே தட்டுகளைக் கொண்டுதான் சோதிப்பேன். ஒன்று, 2000இல் வாங்கிய பிளாக் சாபத் என்ற ஆங்கில ராக் குழுவின் முதல் ஆல்பம். மற்றொன்று, 2003இல் வாங்கிய, ஜான் கார்பென்டர் இயக்கிய ‘ஹாலோவீன்’ திகில் படம். இரண்டும் ஓரிடத்திலும் சிக்காமல் ஓடின. இதை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, தன் மகன் இப்போதுதான் ராக் இசையிலும் திகில் படங்களிலும் இறங்கியிருக்கிறான் என்றும், இந்த இரண்டையும் இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கித் தரலாமா என்றும் கேட்டார். கேட்டவருக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். வாங்கிய புதிதில் இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வயதில் எனக்கு வேகம்தான் ராக் இசையின் அளவுகோலாக இருந்தது. 29 நிமிடங்களுக்குள் பத்துப் பாடல்களை முடித்துவிடும் ஸ்லேயர் குழுவின் 1986ஆம் ஆண்டு ஆல்பத்தைப் பழகிய காதுக்கு, பிளாக் சாபத்தின் முதல் பாட்டு வண்டி மாடு மேடேறுவதைப்போல இருந்தது. திகில் படத்தைப் பொறுத்தவரை அளவுகோல் இரத்தம். டாம் சவீனியின் ஒப்பனைக்காகவே 1980இல் வந்த ‘ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்’ படத்தை விடுதி அறையில் திரும்பத் திரும்பப் பார்த்த எங்களுக்கு, இரத்தத்தை அதிகம் கண்ணில் காட்டாத ‘ஹாலோவீன்’ ஏமாற்று வேலையாகத் தோன்றியது. மூத்தவர்கள் மதிக்கிறார்களே என்ற மரியாதைக்காகத்தான் இரண்டு தட்டுகளும் அலமாரியில் இடம்பிடித்தன.

சாபத்தின் அந்த முதல் பாட்டு மழையோடும் இடியோடும் தொலைவில் அடிக்கும் கோவில் மணியோடும் தொடங்குகிறது. பிறகு கிட்டார் மூன்று சுரங்களை வைக்கிறது: கீழ் சட்ஜம், மேல் சட்ஜம், அங்கிருந்து இறங்கி ஒரு பிரதி மத்யமம். மூன்றாவது சுரத்தைக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி ஒரு நடுக்கத்தோடு பிடித்து நிறுத்துகிறார். மேற்கத்திய இசையில் நூற்றாண்டுகளாகச் சாத்தானோடு சேர்த்துப் பேசப்பட்ட இடைவெளி அது. வீணை கற்ற என் மனைவி இதை முதன்முறை கேட்டபோது, “இதிலே பயப்பட என்ன இருக்கிறது? கல்யாணி ராகத்தில் இல்லாத மத்யமமா?” என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். அதற்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை. சுரம் ஒன்றுதான், அது வந்து சேரும் விதமும், வந்தபின் காத்திருக்கும் நேரமும்தான் வேறு என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். பர்மிங்ஹாம் நகரத்துத் தகரத் தொழிற்சாலையில் 17 வயதில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்து, பிளாஸ்டிக்கை உருக்கித் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு, அந்தக் கையாலேயே தந்திகளை அழுத்தி வாசித்த இடக்கைக்காரர் ஒருவரின் இசை அது. 1969 அக்டோபரில் ஆல்பத்தின் பெரும்பகுதி ஒரே நாளில் பதிவானது. அவசரமாகப் பதிவான ஒன்றில் இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் பிடிபடாதது.

ஆனால் இந்தத் தட்டை நான் விரும்பத் தொடங்கியதற்குக் காரணம் அந்தப் பொறுமை அன்று. ரிமோட்டில் இருக்கும் ஒலியைக் குறைக்கும் பொத்தான்தான். மகள் பிறந்தபின் இரவு பத்து மணிக்கு மேல்தான் எனக்கென்று நேரம் கிடைத்தது, அதுவும் பக்கத்து அறையில் குழந்தை தூங்கும் அளவுக்கு அடக்கமான ஒலியில். ஒலியளவு குறையும்போது மனிதக் காது எல்லாச் சுருதிகளையும் சம அளவில் இழப்பதில்லை. தாழ்ந்த சுருதிகளைத்தான் முதலில் இழக்கிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஒலி ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து வரைபடமாக்கிவிட்டார்கள். பழைய ஆம்ப்ளிஃபையர்களில் ‘லவுட்னஸ்’ என்று ஒரு பொத்தான் இருந்ததே, அது இந்தக் குறையை ஈடுகட்டத்தான். என்னிடம் இருப்பதில் அந்தப் பொத்தான் இல்லை. ஆகவே கனத்துக்குப் பெயர்போன ஒரு குழு என் வீட்டில் கனமிழந்து, கிட்டார் சுவர் மெலிந்து, அதன் பின்னால் இத்தனை காலம் மறைந்திருந்த பில் வார்டின் டிரம்ஸ் வெளியே வந்தது. அவர் அடிப்பது ராக் இசைக்காரரின் நேர் அடி அன்று; ஜாஸ் கேட்டு வளர்ந்தவரின் ஊஞ்சலாட்டம். சிம்பலின் விளிம்பில் அவர் போடும் சின்னச் சின்ன அடிகளை 20 வயதில் உரத்த ஒலியில் நூறு முறை கேட்டும் நான் ஒருமுறைகூடக் கவனித்ததில்லை. இந்தத் தட்டு எனக்குத் தந்த எதிர்பாராத மகிழ்ச்சி இதுதான்.

‘ஹாலோவீன்’ விஷயத்திலும் அதே பொத்தான்தான், ஆனால் எதிரியாக. 1978இல் ஏறத்தாழ மூன்று லட்சம் டாலரில் எடுக்கப்பட்ட படம். முதலில் ஒற்றைத் தட ஒலியோடு வந்தது. என் தட்டில் அதோடு, பிற்காலத்தில் பல ஒலிபெருக்கிகளுக்குப் பிரித்துப் புதிதாகக் கலந்த 5.1 தடமும் இருக்கிறது. பிளேயர் தானாகத் தேர்ந்தெடுப்பது இதைத்தான். இதில் பேச்சு சுவருக்கு அப்பால் யாரோ முணுமுணுப்பதுபோல் கேட்கும். சரி என்று ஒலியை நான்கு படி ஏற்றுவேன். ஏற்றிய அடுத்த நிமிடம், முகமூடிக் கொலைகாரன் திரைச் சட்டத்துக்குள் நுழையும்போது சின்தசைசர் ஓர் அறை கொடுக்கும், வீடே எழுந்துவிடும். ஏற்று, இறக்கு, ஏற்று என்று 91 நிமிடமும் கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் டிவிடியின் தேர்வுப் பட்டியலுக்குள் போய் ஒற்றைத் தடத்துக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் பாதிப் படத்தில்தான் அது நினைவுக்கு வருகிறது. லென்ஸ் மாற்றி வந்த முதல் செவ்வாய்க்கிழமையே மகள் விழித்துக்கொண்டு அழுதாள். பயம் காட்டுவது வேறு, காதருகே தகரத்தைத் தட்டுவது வேறு.

நியாயமாகச் சொன்னால், அந்தத் திடீர்ச் சத்தங்கள் இல்லாமல் இந்தப் படம் இல்லை. இசையும் ஒலிக்குறிப்புகளும் சேர்க்காமல் படத்தை ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டியபோது அவர் கொஞ்சமும் பயப்படவில்லை என்றும், இசையால் படத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்றும் கார்பென்டரே எழுதியிருக்கிறார். இசைப் பேராசிரியரான தந்தை சிறுவயதில் போங்கோ கருவியில் சொல்லிக்கொடுத்த ஐந்து எண்ணிக்கைக் கணக்கைப் பியானோவுக்கு மாற்றி அவர் போட்ட மெட்டு, கண்டசாப்பு தெரிந்தவர்களுக்கு எளிதில் பிடிபடும். மற்றவர்களுக்குக் கால் எங்கே விழும் என்று தெரியாத படிக்கட்டில் இறங்குவதைப்போல இருக்கும்.

குறுந்தட்டிலோ இதற்கு நேர்மாறான குறை. கீறல் விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில், சில ஆண்டுகளுக்கு முன் அதே ஆல்பத்தின் புதிய மறுபதிப்பு ஒன்றையும் வாங்கினேன். பெட்டியின்மேல் ஒலி மேம்படுத்தப்பட்டது என்று அச்சிட்டிருந்தார்கள். மேம்படுத்திய விதம் என்னவென்றால், மெல்லிய ஒலியையெல்லாம் தூக்கி, உரத்த ஒலியின் தலையைத் தட்டி, இரண்டையும் ஒரே உயரத்தில் நிறுத்தியது. மழையும் கிட்டாரும் இப்போது ஏறக்குறைய ஒரே சத்தத்தில் வருகின்றன. தூறலில் நிற்கிறவன்மேல் சுவர் இடிந்து விழுவதுதான் அந்தப் பாட்டின் கட்டமைப்பே. தூறலையும் சுவராக்கிவிட்டால் இடிந்து விழ என்ன மிச்சம்? தொழில்நுட்பம் அறிந்தவர்கள் கையில் இப்படி ஒரு காரியம் நடந்ததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இதையெல்லாம் ரசனை முதிர்ந்ததன் அடையாளம் என்று எழுதிவிடலாம். நண்பரும் அதைத்தான் எதிர்பார்த்தார். எனக்குச் சந்தேகம் இருந்தது. மாறியது ரசனையா, வீடா? போன வாரம் வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போயிருந்தபோது, மாலை ஆறு மணிக்கு, பழைய குறுந்தட்டை விடுதி நாட்களின் ஒலியளவில் போட்டுப் பார்த்தேன். கிட்டார் நெஞ்செலும்பைத் தொட்டது. பில் வார்டு காணாமல் போனார். நான் அவரைத் தேடவும் இல்லை. மூன்று பாட்டு முடிவதற்குள் 20 வயதுக்காரனாகிவிட்டேன். ஆக, இசையில் மாறியதாக நான் நினைத்த பெரும்பகுதி ஒலியளவில்தான் இருந்திருக்கிறது.

இரவில் ‘ஹாலோவீன்’ படத்தையும் அதே துணிச்சலோடு உரத்துப் போட்டேன். இங்கே கணக்கு வேறாக இருந்தது. ஒவ்வொரு திடீர்ச் சத்தமும் வரும் இடம் தெரிந்திருந்ததால் ஒன்றுகூட உறைக்கவில்லை. கல்லூரிக் காலத்தில் எப்போது முடியும் என்று ஓடவிட்டுக் கடந்த பகல் காட்சிகளில்தான் மனம் நின்றது: இருபுறமும் வேலி போட்ட அமைதியான தெரு, செடிப் புதரோரம் ஒருவன், மறுபடி பார்த்தால் யாருமில்லை. அதைவிட இன்னொன்று. கதாநாயகி காயத்தோடு ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கதறுவாள். வாசல் விளக்கு எரியும். சன்னல் மறைப்பு லேசாக விலகும். பிறகு விளக்கு அணையும். சில நொடிக் காட்சி. 20 வயதில் இது எனக்கு நினைவிலேயே தங்கவில்லை. இப்போது படத்தை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஒலியளவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த விளக்கு சத்தமில்லாமல்தான் அணைகிறது.

நண்பருக்கு நேற்று எழுதி அனுப்பிய மதிப்பெண்கள் இவை. சாபத்தின் முதல் ஆல்பத்துக்கு ஐந்துக்கு நான்கு. பழைய பதிப்பு கிடைத்தால் மட்டும் வாங்கலாம், மேம்படுத்திய பதிப்பை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ‘ஹாலோவீன்’ டிவிடிக்கு ஐந்துக்கு இரண்டரை, வாங்க வேண்டாம். இவ்வளவு சொல்லிவிட்டு இரண்டரையா என்று அவர் கேட்கிறார். செவ்வாய்க்கிழமை இரவு மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மணிவரை கூடத்தில் நடந்தவன் நான், இரண்டரைதான். பையனுக்கு இரவலாகவாவது கொடுங்களேன் என்றார். அந்தத் தட்டு பிளேயருக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.