கல்லூரி ஏலத்தில் எடுத்த வாசிப்பு மேசைகள்: ஆறு வருடம் கழித்து

போன வாரம் ஆசாரி வந்து படிப்பகத்து மேசை ஒன்றின் முனையை இரண்டடி அறுத்து எடுத்தார். அன்று சாயங்காலமே என் பழைய வகுப்புத் தோழி போன் செய்தாள். பள்ளிகொண்டா பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியராக இருக்கிறாள். "ஒரு கல்லூரியில பழைய சாமான் ஏலம் வருதாம். நீ அப்போ எடுத்தியே, எப்படி இருக்கு? நான் போகட்டுமா?" என்று கேட்டாள். அறுத்த துண்டு அப்போது என் காலடியில் கிடந்தது. "போகாதே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம் இல்லை இது, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் படிப்பகம் வேலூர் மாவட்டத்தில் ஒடுகத்தூர் போகிற வழியில் இருக்கிறது. சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், இரவில் குரூப் 4, போலீஸ் தேர்வுக்குப் படிப்பவர்கள். ஏலத்தில் எங்களுக்கு வந்த லாட்டில் இரண்டு தேக்கு மேசை, பதினாறு நாற்காலி, சாவி இல்லாத ஒரு இரும்பு பீரோ, ஓடாத மூன்று மின்விசிறி. மேசை மட்டும் வேண்டும் என்று சொல்ல முடியாது. லாட் என்றால் மொத்தமாகத்தான் எடுக்க வேண்டும். ஏலத்தொகை 18,500 ரூபாய், குட்டியானை வாடகையும் ஏற்றுக்கூலியும் தனி. நாற்காலிகளுக்குப் பிரம்பு அறுந்திருந்தது, ஒயர் போட்டுப் பின்னிவிட்டோம், இன்றுவரை குறையில்லை. பீரோவுக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று. மின்விசிறிகள் பழைய இரும்புக்குப் போயின.

நான் சொல்ல வேண்டியது மேசைகளைப் பற்றித்தான்.

இரண்டும் எட்டடிக்கு நாலடி. ஒரே மரம், ஒரே வேலைக்காரர் கை என்று பார்த்தாலே தெரியும். சட்டத்தில் ஆணி கிடையாது. கழுந்து வைத்து, மர முளை அடித்துச் சேர்த்திருக்கிறார்கள். மேசைக்கு அடியில் நீளவாக்கில் கால் வைக்க ஒரு கட்டை ஓடுகிறது. எத்தனையோ வருடம் மாணவர்கள் கால் வைத்து வைத்து அந்தக் கட்டை நடுவில் பள்ளமாக, வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது. எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகளுக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. வந்த முதல் நாளே செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பள்ளத்தில் கால் வைத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் மனம் நிறைகிறது. ஒருவர் ரப்பர் போட்டு அழித்தால் எதிரில் எழுதுகிறவருக்கு மேசை ஆடாது, அவ்வளவு கனம். இதே காலத்தில் ஒரு அன்பர் வாங்கிக்கொடுத்த புது மரத்தூள் பலகை மேசை இரண்டாவது மழைக்கே உப்பி, ஓரம் உதிர்ந்துவிட்டது.

இவ்வளவு நல்ல சாமானில் ஏன் ஒரு முனையை அறுத்தேன்?

ஏலம் நடந்தது 2019 ஜூலை. ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போன அதே மாதம். வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிவதற்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. சாமான்களை விடுதிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் போட்டிருந்தார்கள். கொட்டகை சின்னது. ஒரு மேசை முழுவதும் உள்ளே இருந்தது. இன்னொன்று ஆறடி உள்ளே, இரண்டடி வெளியே. வெளியே இருந்த முனை சாம்பல் நிறமாகியிருந்தது. எத்தனை நாளாக இப்படிக் கிடக்கிறது என்று ஸ்டோரில் இருந்தவரைக் கேட்டேன். 2016 கோடையில் கண்டெம் செய்து, அதாவது இனி வேண்டாம் என்று கழித்து, பட்டியலில் ஏற்றியது என்றார். "இன்னா பண்றது சார், கமிட்டி ஒக்காரல" என்றார். மூன்று ஐப்பசி மழை அந்த இரண்டடியில் விழுந்திருக்கிறது.

படிப்பகத்துக்கு வந்த பிறகு அந்த முனை எங்களை நிம்மதியாக விடவில்லை. பலகையின் வெட்டுவாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்ததால் சேர்மானம் விட்டுப்போயிருந்தது. பங்குனி சித்திரை வெயிலில் பலகைகள் சுருங்கி நடுவில் சந்து விழும். எழுதுகிறபோது பேனா முனை காகிதத்தோடு உள்ளே இறங்கும். மழை வந்தால் உப்பி ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அந்தப் பக்கக் கால் ஈரத் தரையில் நின்றதால் அதன் வெள்ளைப் பகுதியைச் செல் (கரையான்) தின்றிருந்தது. வைரம் பாய்ந்த நடுப்பகுதியை அது தொடவில்லை. ஆனால் கால் மெலிந்து மேசை ஆட ஆரம்பித்தது. அட்டையை மடித்துக் காலுக்கு அடியில் வைப்பதே பிள்ளைகளுக்குத் தினசரி வேலை.

2020இல் பசையும் மரத்தூளும் குழைத்துச் சந்தை அடைத்தோம். 2021 நவம்பரில், பாலாற்றில் வெள்ளம் போன அந்த மழையில், அடைத்தது அத்தனையும் பிதுங்கி வெளியே வந்தது. அடுத்த வருடம் அடியில் இரும்பு ஆங்கிள் போட்டு இறுக்கினோம். அப்புறம் காலுக்கு ஒட்டு வைத்தோம். எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. கடைசியாக ஆசாரி சொன்னார்: "எத்தினி தபா ஒட்டறது சார்? இந்த ரெண்டடிய எடுத்துட்டா மீதி இரும்பு மாதிரி நிக்கும்." சரி என்றேன். சொன்னபடியே நிற்கிறது. எட்டுப் பேர் உட்கார்ந்த மேசையில் இப்போது ஆறு பேர். பாயில் உட்காருகிற இரண்டு பேரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தகரக் கொட்டகைதான் ஞாபகம் வருகிறது.

முழுவதும் உள்ளே இருந்த மேசைக்கு இந்த ஆறு வருடத்தில் ஒரு தடவை பாலிஷ் போட்டேன். வேறு செலவே இல்லை. இரண்டு மேசைக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் நாலு தகரம், அல்லது ஒரு தார்ப்பாய்.

அந்த ஸ்டோர்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் அவர்தான் பொறுப்பு. காகிதம் இல்லாமல் ஒரு நாற்காலியை வெளியே விட்டால் அவர் சம்பளத்தில் கை வைப்பார்கள். பிறகு நான் மத்திய அரசு நிறுவனங்களுக்கான 2017 பொது நிதி விதிகளைத் தேடிப் படித்தேன். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் தனியார் கல்லூரிகளுக்கும் அவரவர் விதி உண்டு, என்றாலும் முறை புரிவதற்கு அது உதவியது. பொருள் உபரி என்று காரணம் எழுதி அறிவிக்க வேண்டும். கணக்குப்படி அதன் மதிப்பு என்ன, எதிர்பார்க்கும் விலை என்ன, எந்த விலைக்குக் கீழே தரக்கூடாது என்று குறிக்க வேண்டும். மீதி மதிப்பு இரண்டு லட்சத்துக்கு மேல் போனால் விளம்பரம் செய்த டெண்டரோ பொது ஏலமோதான். அதற்குக் கீழே என்றால் எப்படிக் கழிப்பது என்பதை அதிகாரியே முடிவு செய்யலாம். ஏலம் எடுத்தவர் குறைந்தது கால்பங்கை அங்கேயே கட்ட வேண்டும், பாக்கி முழுவதும் கட்டிய பிறகுதான் பொருள் கைக்கு வரும். இதெல்லாம் நியாயமான விதிகள்தான், பொதுச்சொத்து கைமாறும்போது இவ்வளவு கவனம் வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை சாமான்களை நேரில் எண்ணிச் சரிபார்க்கவும் சொல்லியிருக்கிறது. இந்தக் கல்லூரியிலும் வருடா வருடம் யாரோ ஒருவர் பதிவேட்டோடு அந்தக் கொட்டகைக்கு வந்து, மேசை இரண்டு என்று எண்ணி, கையெழுத்துப் போட்டுப் போயிருப்பார். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்திருக்கும். நனைகிற இரண்டடியை ஒரு தார்ப்பாயால் மூட அவருக்குத் தோன்றவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

தோழி இன்னொன்றும் கேட்டாள்: "பள்ளிக்கூடம்னு சொன்னா சும்மா குடுக்க மாட்டாங்களா?" நானும் அப்போது கேட்டுப் பார்த்தேன். விற்றால் ரசீது இருக்கிறது, தானமாகக் கொடுத்தால் ஆடிட்டில் ஏன், யாருக்கு, யார் சொல்லி என்று கேள்வி வரும் என்றார்கள். இருந்தாலும் இன்னொரு இடத்திலிருந்து 2020இல் எங்களுக்கு ஐந்து கணினிகள் தானமாக வந்தன. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கொடுத்தார்கள். மாணவர் விவரங்கள் அதில் இருக்கும் என்பதால் அது சரிதான். டிஸ்க் நாங்கள் வாங்கிப் போட்டு, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றி ஓட்டினோம். மூன்று இன்னும் ஓடுகின்றன. ஆனால் இன்று அது போலக் கிடைப்பது கடினம். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, குறைந்தது ஆயிரம் மின், மின்னணுக் கருவிகள் பயன்படுத்தும் நிறுவனங்கள் கழிவைப் பதிவு பெற்ற இடங்களுக்குத்தான் தர வேண்டும். கழிவு என்று எழுதிவிட்ட பிறகு நம்மைப் போன்றவர்களுக்குத் தருவது அவர்களுக்கே சிக்கல். கேட்பதானால் கணினி ஆய்வகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும். "அடுத்த வருடம் இதை மாற்றப்போகிறீர்களா? மாற்றினால் எங்கள் பள்ளியை நினைவில் வையுங்கள்" என்று கல்லூரி முதல்வருக்குத் தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம். மேசைக்கும் இதே வழிதான். நூலகத்துக்குப் புது இரும்பு மேசை வரப்போகிறது என்று தெரிந்த அன்றே பழைய மேசையைக் கேட்க வேண்டும். அது வராந்தாவில் இருக்கும்போது வாங்கினால் எட்டடி கிடைக்கும். விடுதிக்குப் பின்னால் போய்விட்டால் ஆறடிதான்.

சரி, மேசைகளுக்கு என்ன மதிப்பெண்? உள்ளே இருந்ததற்குப் பத்துக்குப் பத்து. நனைந்ததற்கும், மீதமுள்ள ஆறடிக்கு, அதே பத்துதான். 18,500 ரூபாய்க்கு இப்படியொரு தேக்கு எந்தக் கடையிலும் எனக்குக் கிடைத்திருக்காது. இத்தனையும் சொல்லிவிட்டு, இந்த ஏலத்துக்குப் போகாதே என்றுதான் தோழியிடம் மறுபடியும் சொன்னேன். மழையில் கிடந்ததைப் பார்த்து இன்னொருவர் மனம் நோக வேண்டாம் என்று தோன்றுகிறது. கடிதம் எழுது, இந்த வருடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் கிடைக்கும் என்றேன்.

அவள் கேட்கவில்லை. வியாழக்கிழமை பார்வைக்கு விடுகிறார்களாம். நேற்று வந்து என் டார்ச்சையும் அளவு டேப்பையும் வாங்கிக்கொண்டு போனாள். காலின் அடிப்பக்கத்தைச் சாவியால் குத்திப் பார், உள்ளே இறங்கினால் அந்த லாட்டை விட்டுவிடு என்று சொல்லி அனுப்பினேன். அறுத்த துண்டை வாசல் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். செல் தொடாத வைரம் அதில் கொஞ்சம் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கு நாலு எழுதும் பலகை வரும் என்கிறார் ஆசாரி.