எல்எம்317 பவர் சப்ளை: நெடுநாள் ஓட்டத்தில் சூடு எங்கே பிடிக்கிறது

எல்எம்317 என்ற, அவுட்புட் வோல்ட்டேஜை மாற்றி வைக்கக்கூடிய ரெகுலேட்டர் ஐசியை வைத்துக் கட்டிய பவர் சப்ளை மேசையில் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் டேட்டாஷீட்டில் உள்ள 1.5 ஆம்பியரை மட்டும் பார்த்துப் பெட்டி கட்டக் கூடாது. எவ்வளவு கரண்ட் போகிறது, ஐசியின் குறுக்கே எத்தனை வோல்ட் விழுகிறது, இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் சூடு.

18 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், 4700 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் போட்டால், 1 ஆம்பியர் லோடில் ஐசிக்குள் நுழைவது சராசரியாக 23 வோல்ட். அவுட்புட்டில் 15 வோல்ட் எடுத்தால் 8 வாட் வெப்பம். 5 வோல்ட் எடுத்தால் 18 வாட்! அவுட்புட் குறையக் குறைய ஐசி கொதிக்கிறது.

டிஓ-220 உறையில் ஜங்ஷனிலிருந்து (உள்ளே சூடாகும் சிலிக்கான்) பின்பக்க உலோகத் தகடு வரை வாட்டுக்கு சுமார் 5 டிகிரி, மின்காப்புக்கான மைக்கா ஷீட்டும் வெப்பம் கடத்தும் பேஸ்டும் சேர்த்து 1, நடுத்தர ஹீட்சிங்க் 2.5, மொத்தம் 8.5. பெட்டிக்குள் காற்று 40 டிகிரி, ஜங்ஷன் வரம்பு 125 என்றால் 10 வாட்டோடு சரி. அப்போது அந்தத் தகட்டில் தெர்மோகப்பிள் வைத்தால் 75 டிகிரிதான் காட்டும், உள்ளே 125. இதைத் தாண்டிப் போனால் தெர்மல் ஷட்டவுன் (சூடு மீறினால் ஐசி தானே அணைவது) வந்து வோல்ட்டேஜ் இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். சர்க்யூட்டில் கோளாறு என்று நினைத்து பாகங்களை மாற்றுவது வீண் வேலை.

சூட்டைக் குறைக்க ஃபேனைவிட 0-9-18 டேப்பிங் உள்ள டிரான்ஸ்ஃபார்மரும் ஒரு டாகிள் சுவிட்சும் மேல். 9 வோல்ட் டேப்பிங்கில் 5 வோல்ட், 1 ஆம்பியருக்கு 5, 6 வாட்தான். 6 வோல்ட்டுக்கு மேல் 18-க்கு மாற்ற வேண்டும். அங்கே 7 வோல்ட்டில் 0.6 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நாளாவட்டத்தில் பேஸ்ட் காயும், திருகு தளரும். அவ்வப்போது பிரித்துப் புதிதாகப் பூச வேண்டும். ஐசியின் உலோகத் தகடு அவுட்புட்டோடு இணைந்திருப்பதால் மைக்கா கிழிந்தால் உலோகப் பெட்டியிலும் அதே வோல்ட்டேஜ் வரும். மாட்டியதும் தகட்டுக்கும் பெட்டிக்கும் தொடர்பு இல்லை என்று மீட்டரில் பார்த்துவிடுங்கள். எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டரை ஹீட்சிங்கிலிருந்து தள்ளி வையுங்கள். 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

வோல்ட்டேஜைத் திருப்பி வைக்கும் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) தேய்ந்தால் இன்னும் ஆபத்து. அதன் வைப்பர், அதாவது நகரும் தொடுமுனை, தொடர்பு விட்டால் அவுட்புட் உச்சத்துக்குத் தாவும். 120 ஓம் ரெசிஸ்டருடன் 2 கிலோ ஓம் பாட் போட்டு, வைப்பரை ஒரு முனையோடு சேர்த்து, பாட்டுக்கு இணையாக 4.7 கிலோ ஓம் வைத்தால் அந்தத் தாவல் 16 வோல்ட்டில் நிற்கும். திருப்பும்போது மீட்டர் முள் துள்ளினால் பாட்டை மாற்றிவிடுங்கள்.