தண்ணீரா, டஸ்ட் கலெக்டரா? சுரங்க டிரில்லுக்கு எது தேவலை

எங்கள் சுரங்கத்தில் புது டிரில் எடுக்கும்போது தூசியை அடக்க முன்னால் இருந்தது இரண்டு வழிதான். ஒன்று, பாறையைத் துளைக்கும் கம்பியான ராடின் நடுவே தண்ணீர் விட்டு ஈரமாகத் துளைப்பது; இன்னொன்று, உலர்வாகத் துளைத்து வரும் தூசியை டஸ்ட் கலெக்டரால் உறிஞ்சுவது. நான் தண்ணீர் பக்கம் நின்றேன், இன்றும் அதே பக்கம்தான்.

முகக்கவசத்தை இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. இரண்டு நாள் தாடி இருந்தாலே ஓரத்தில் தூசி புகுந்துவிடும். காற்றோட்டம் எதை எடுத்தாலும் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் புழுதியைவிட, 10 மைக்ரானுக்கும் கீழே இருக்கிற துகள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்குகிறது. பாறையில் சிலிக்கா என்ற கனிமம் இருந்தால், அந்தத் துகளால் வரும் நுரையீரல் நோய்தான் சிலிக்கோசிஸ். பறக்க ஆரம்பித்த துகளை ஸ்பிரே அடித்துப் பிடிப்பதும் லேசில்லை. சாதாரண ஸ்பிரே பத்தில் மூன்று பங்கைப் பிடித்தாலே அதிகம், அழுத்தத்தை ஏற்றினால் சில சமயம் ஆபரேட்டர் பக்கமே தள்ளிவிடும். ஈரத் துளையில் பாறை பொடியாகும் பிட் நுனியிலேயே (பிட் என்பது ராடின் வெட்டும் முனை) தூசி நனைந்து, சேறாக வழிந்துவிடுகிறது. 1890களின் கடைசியில் லெய்னர் என்பவர் ராடுக்குள் தண்ணீர் விடுவதற்கு முன்னால், உலர் டிரில்லுக்கு ‘விதவையாக்கி’ என்றே பெயர்.

சரி, கலெக்டர் மோசமா? புதிதாக இருக்கும்வரை நன்றாகவே இழுக்கும். என்னை மாற்றியது பராமரிப்பு. ஒரு ஷிப்ட் முடிவில் ஹெல்பர் ஃபில்டரைக் கழற்றி டிரில்லின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார். கேப் லாம்ப் வெளிச்சத்தில் மாவு சலித்த மாதிரி ஒரு மேகம், அதற்குள் அவர் முகம். அன்று முழுக்கப் பிடித்த தூசி ஒரே நிமிடத்தில் ஒருவருக்கே போய்ச் சேர்ந்தது. பெட்டிக்குள் பை போட்டு அப்படியே எடுத்துவிடலாம், காற்று வரும் பக்கமாக நின்று காலி செய்யலாம், ஆனால் அவசரத்தில் யார் செய்கிறார்கள்? அதைவிட மோசம், ஃபில்டர் கிழிந்தாலோ சீல் விட்டாலோ நுண்தூசி பின்பக்கமாக வெளியேறுவது கண்ணில் படாது, மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீருக்கும் தொல்லை உண்டு: துவாரம் அடைக்கும், வடிகட்டியைக் கழுவ வேண்டும், மறுசுழற்சித் தண்ணீர் கலங்கலாக இருந்தால் இன்னும் சீக்கிரம் அடைக்கும், ஆள் நனைவார். ஆனால் நின்றுபோனால் துளைவாயில் உடனே வெள்ளையாகக் கிளம்பும், யாராவது கத்திவிடுவார்கள்.

தண்ணீர் பட்டால் ஊறி உதிரும் களிமண் கூரையில் நான் துளைத்ததில்லை. அங்கே கலெக்டர்தான் சரியாக வரும் என்று நினைக்கிறேன். அப்படியானால் பைக்கும் சீலுக்கும் முதலிலேயே காசு ஒதுக்கிவிடுங்கள்.