நுரையீரல் ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வருடம் ஓசிமெர்டினிப்: நடைமுறையில் எப்படிப் போகிறது

நுரையீரல் புற்றுநோய்க் கட்டியை எடுத்த பிறகு நோய் திரும்பாமல் இருக்க ஓசிமெர்டினிப் 80 மி.கி., தினம் ஒரு மாத்திரை, மூன்று வருடம். மருந்துச் சீட்டில் ஒரே வரி. சாப்பிடுபவருக்கோ கட்டியை எடுத்தாகிவிட்டது, ஸ்கேனில் ஒன்றும் இல்லை, வலியும் இல்லை. இப்போது இருக்கிற தொல்லையெல்லாம் மாத்திரை கொடுப்பதுதான்: பேதி, வறண்ட தோல், நகச்சுத்தி. நன்றாக இருக்கும் உடம்புக்கு எதற்கு இந்த அவஸ்தை என்று சில மாதங்களிலேயே விட்டுவிடத் தோன்றும். சின்னத் தொல்லைகளை வந்த அன்றே கவனித்தவர்கள்தான் மூன்று வருடத்தையும் முழு அளவில் முடிக்கிறார்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் இந்த மாத்திரை சாப்பிடுபவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாரையும் மனதில் வைத்து எழுதியது இது.

எல்லா நுரையீரல் புற்றுநோய்க்கும் இது கிடையாது. எடுத்த கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர் (செல்களை வளரச் சொல்லும் ஒரு புரதம்) மரபணு மாற்றம் இருக்க வேண்டும். அதிலும் எக்ஸான் 19 டெலீஷன் அல்லது எல்858ஆர் என்ற வகை மாற்றம். எக்ஸான் 20 இன்செர்ஷன் என்று வந்தால் இந்த மாத்திரையின் கணக்கு பொருந்தாது. பீடி, சிகரெட் பக்கமே போகாத பெண்களிடம் இந்த மாற்றம் அதிகம் காணப்படுகிறது. சோதனைக்கு மெழுகில் பதித்த திசு பிளாக் வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ ஆபரேஷன் முடித்து, மருந்துக்கு மட்டும் வேலூர் வருபவர்கள் பலர் ரிப்போர்ட் தாளோடு வந்து நிற்கிறார்கள். பிளாக்குக்காகக் காட்பாடியில் மறுபடி ரயில் ஏற வேண்டியிருக்கிறது. பயாப்ஸி ரிப்போர்ட் வாங்கும் அன்றே பிளாக்கையும் ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பலன் எவ்வளவு? அடாரா என்ற ஆய்வில் 682 பேர். ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், மாத்திரை சாப்பிட்ட பக்கம் 88 சதவீதம், மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்ட பக்கம் 78 சதவீதம். இரண்டாம் நிலை, மூன்றாம் ஏ நிலைக்காரர்களில் நான்கு வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 70 சதவீதம், எதிர்ப்பக்கம் 29 சதவீதம். மூளைக்குள்ளும் போய் வேலை செய்யக்கூடிய மருந்து என்பது பெரிய விஷயம், ஏனென்றால் இந்த நோய் திரும்பினால் மூளைக்குப் போவது அடிக்கடி நடக்கும். ஆய்வில் இருந்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் கீமோவும் எடுத்தவர்கள். மாத்திரை இருக்கிறதே என்று டாக்டர் சொன்ன கீமோவைத் தட்டிக்கழிக்க வேண்டாம். கீமோ இல்லாதவர்கள் ஆபரேஷனிலிருந்து 10 வாரத்துக்குள்ளும், கீமோ எடுத்தவர்கள் 26 வாரத்துக்குள்ளும் மாத்திரையை ஆரம்பித்தார்கள். சோதனை முடிவு தாமதமானாலும் அவகாசம் இருக்கிறது, பதற வேண்டாம்.

விழுங்கும் முறை எளிது. சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ, எப்படியும் போடலாம். நேரம் மட்டும் மாறக்கூடாது. ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த மாத்திரைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் நினைவு வந்ததும் போடலாம். அதற்குக் குறைவென்றால் அதை விட்டுவிட வேண்டும். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. விழுங்கிய பிறகு வாந்தி வந்தாலும் இன்னொன்று போட வேண்டாம். பட்டையின் பின்புறம் பேனாவால் தேதி எழுதி வைப்பது, போட்டோமா இல்லையா என்ற சண்டையைத் தவிர்க்கும். விழுங்க முடியாதவர்கள் மாத்திரையை இடிக்கக்கூடாது. சுமார் 60 மி.லி. சாதாரணத் தண்ணீரில் போட்டுக் கலக்கி, சிறு துகள்களாகச் சிதறியதும் உடனே குடித்து, அதே டம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடிக்க வேண்டும். வெந்நீரும் சோடாவும் ஆகாது. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மாதங்களில் வண்டிப் பெட்டியிலும் ஜன்னல் ஓரத்திலும் மாத்திரையை வைக்காதீர்கள். ஃபிரிட்ஜ் தேவையில்லை, சமையலறையிலிருந்து தள்ளி, உள் அறையில், கீழ்த்தட்டில் இருந்தால் போதும்.

இனி தோலும் நகமும். மூன்று வருடத்தில் அதிகம் படுத்துவது இதுதான். கட்டிக்குள் இருக்கும் அதே இ.ஜி.எஃப்.ஆர் தோலிலும் நக ஓரத்திலும் குடலிலும் இயல்பாகவே இருக்கிறது. மாறிப்போன வடிவத்தைத்தான் ஓசிமெர்டினிப் அதிகம் பிடிக்கும் என்றாலும் இயல்பானதையும் கொஞ்சம் பிடிக்கும். அதனால் தோல் மெலிந்து வறளும், நக ஓரம் வெடிக்கும், வெடிப்பில் கிருமி ஏறும். அடாராவில் நகச்சுத்தி வந்தவர்கள் 27 சதவீதம், தோல் வறட்சி 25 சதவீதம்.

நகச்சுத்தி என்றதும் எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலைச் செருகுவது நம் வீடுகளில் வழக்கம். இங்கே அது கெடுதல்: வெடித்த தோலில் அமிலம் எரிக்கும், ஈரத்தில் ஊறித் தோல் இன்னும் பிய்ந்துவரும். சுண்ணாம்பும் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள், சதையோடு ஒட்ட வெட்டாதீர்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். பாத்திரம் தேய்க்கும்போது உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. தினம் இரண்டு வேளை நக ஓரத்தில் வாஸலின். சிவந்து வீங்கியதும், சீழ் வைக்கும் வரை காத்திருக்காமல், டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு களிம்பா, ஆன்டிபயாடிக்கா என்பதை அவர் பார்த்துத்தான் சொல்ல முடியும். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றுபவர்களுக்கும், ஆம்பூர், ராணிப்பேட்டை தோல், ஷூ கம்பெனிகளில் பசையும் ரசாயனமும் தொடுபவர்களுக்கும் இது வருமானப் பிரச்சினை. பீடியின் முனையை மடக்கும் விரல்தான் முதலில் போகும். வேலை என்னவென்று டாக்டரிடம் சொல்லுங்கள். கையைப் பார்த்து மருந்து எழுதுவார். வேலையைச் சொன்னால்தான் அதற்கேற்ற யோசனை கிடைக்கும்.

குளித்துத் துடைத்த ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெயோ யூரியா கலந்த க்ரீமோ பூச வேண்டும். போர்த்தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் சோப்பைக் குறைப்பதே பாதி வைத்தியம். முகத்திலும் மார்பிலும் வரும் கொப்புளம் முகப்பரு போலத் தெரியும். முகப்பரு க்ரீம் போட்டால் தோல் இன்னும் காயும். கண் சிவந்து வலித்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் போனால் அன்றே கண் டாக்டர்.

பேதி கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு வரும், பெரும்பாலும் லேசாக. ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ் ஒரு லிட்டர் தண்ணீரில். மோர், கஞ்சி, இளநீர். பிரியாணியும் காரக் குழம்பும் அடங்கும் வரை ஒதுங்கட்டும். டாக்டர் முன்பே அனுமதித்திருந்தால் பேதியை அடக்கும் லோபரமைடு முதலில் 4 மி.கி., பிறகு ஒவ்வொரு முறை போனதும் 2 மி.கி., ஒரு நாளில் 16 மி.கி.க்கு மேல் கூடாது. காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் லோபரமைடைத் தொடாதீர்கள்.

பேதிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் சிப்ரோஃப்ளாக்ஸசினும் ஒன்டான்செட்ரானும் சேர்த்துக் கொடுத்துவிடுவது சகஜம். இரண்டும் இதயத் துடிப்பின் க்யூ.டி இடைவெளியை (ஒரு துடிப்புக்குப் பின் இதயம் அடுத்ததற்குத் தயாராக எடுக்கும் நேரம், ஈ.சி.ஜி.யில் தெரியும்) நீட்டும் மருந்துகள். ஓசிமெர்டினிப்பும் நீட்டும். பேதியில் பொட்டாசியம் குறைந்திருந்தால் அதுவும் நீட்டும். நான்கும் ஒரே நாளில் கூடினால் துடிப்பு ஒழுங்கு தவறி மயங்கி விழ வாய்ப்பு உண்டு. சளிக்குக் கொடுக்கும் அஸித்ரோமைசினும் இதே வகைதான். கடைக்குப் போகும்போது மாத்திரைப் பட்டையைப் படம் எடுத்துப் போனில் வைத்திருங்கள். எந்தப் புது மருந்துக்கும் முன்னால் அதைக் காட்டுங்கள். கொலஸ்ட்ராலுக்கு ரோஸுவாஸ்டாட்டின் சாப்பிடுபவர்களும் சொல்ல வேண்டும், அதன் அளவு ரத்தத்தில் கூடும்.

இதைவிடப் பெரிய கண்ணி இருமல். ஓசிமெர்டினிப் சாப்பிடுபவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் போல, மருந்தாலேயே நுரையீரல் அழற்சி வருகிறது. புதிதாக வறட்டு இருமல், மூச்சு வாங்குதல், லேசான காய்ச்சல் என்று தொடங்கும். ஒரு பகுதி நுரையீரலை ஏற்கெனவே இழந்தவர்களுக்குத் தாங்கும் சக்தி குறைவு. நன்றாக இருக்கும் நாளிலேயே பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் உட்கார்ந்தபடி ஒன்று, மாடிப்படி ஏறி இறங்கிய பின் ஒன்று என்று அளவு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து மூன்று நான்கு புள்ளி இறங்கினாலோ, ஓய்வில் 94-க்குக் கீழே வந்தாலோ டாக்டரை அழைத்து, அடுத்த மாத்திரை போடலாமா என்று கேட்டுவிட்டு ஸ்கேனுக்குப் போங்கள். அழற்சி உறுதியானால் இந்த மருந்து நிரந்தரமாக நிற்கும். இது ஒன்றில் மட்டும் விடாப்பிடியாகத் தொடர்வது ஆபத்து.

இருமலும் எக்ஸ்ரேயில் நிழலும் என்றால் நம் ஊரில் முதலில் வரும் சந்தேகம் காசநோய். சந்தேகம் நியாயமானது, சளிப் பரிசோதனை அவசியம். ஆனால் சோதனை இல்லாமல் காசநோய் மாத்திரை ஆரம்பித்தால், அதிலுள்ள ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கி, ஓசிமெர்டினிப் ரத்தத்தில் இருக்கும் அளவை 78 சதவீதம் குறைத்துவிடும். தினம் மாத்திரை விழுங்கியும் கால்வாசிதான் உடம்பில் தங்கும். காசநோய் நிஜமாகவே இருந்தால், ஓசிமெர்டினிப் அளவைக் கூட்டுவதா, வேறு வழியா என்று இரண்டு டாக்டர்களும் பேசி முடிவெடுக்க வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், கார்பமாஸெபின் இரண்டும் இதே வேலையைச் செய்யும்.

தொடங்கும் முன் ஈ.சி.ஜி., எக்கோ, ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியாட்டினின் பார்த்துவிட வேண்டும். கால் வீக்கமோ படுத்தால் மூச்சு முட்டுவதோ வந்தால் எக்கோ மறுபடி. மார்பு சி.டி. ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒன்று. விடாத தலைவலி, தடுமாற்றம் என்றால் மூளை எம்.ஆர்.ஐ. பிள்ளைப்பேறு வயதில் இருக்கும் பெண்கள் மாத்திரை நிறுத்தி 6 வாரம் வரையும், ஆண்கள் 4 மாதம் வரையும் கருத்தடை கடைப்பிடிக்க வேண்டும்.

பணம். 2024 ஜூலை பட்ஜெட்டில் இந்த மருந்தின் சுங்க வரி நீங்கியது, அதே ஆண்டு ஜி.எஸ்.டி.யும் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. இருந்தும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத விலைதான். அதனால் ஒன்றுவிட்டு ஒரு நாள் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன பலன் தினம் 80 மி.கி. எடுத்துக் கிடைத்தது, தொல்லை தாங்காதவர்களுக்கு 40 மி.கி. என்று குறைப்பது டாக்டர் செய்ய வேண்டியது. ஆரம்பிக்கும் முன்பே மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவிலும், மருந்துக் கம்பெனியின் உதவித் திட்டத்திலும் கேட்டுவிடுங்கள். பில் இல்லாமல் கைமாறி வரும் பட்டைகளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். உள்ளே என்ன இருக்கிறதென்று அடுத்த ஸ்கேன்தான் சொல்லும், அதற்குள் ஆறு மாதம் போய்விடும். இதே வகையைச் சேர்ந்த, விலை குறைந்த ஜெஃபிடினிப்பைச் சிலருக்கு எழுதுகிறார்கள். அது நோய் திரும்புவதைத் தள்ளிப்போடுகிறது, ஆயுளைக் கூட்டுவதாக உறுதிப்படவில்லை. அதோடு, அசிடிட்டிக்கான பான்டாப்ரஸோல் வகை மாத்திரைகள் ஜெஃபிடினிப் உறிஞ்சப்படுவதைக் கெடுக்கும். ஓசிமெர்டினிப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இ.ஜி.எஃப்.ஆர் மாற்றம் இல்லாமல் ஏ.எல்.கே. என்ற வேறொரு மரபணுவில் மாற்றம் வந்தவர்களுக்கு அலெக்டினிப்: 150 மி.கி. கேப்சூல் காலையில் நான்கு, இரவில் நான்கு, கட்டாயம் சாப்பாட்டோடு, இரண்டு வருடம். மலச்சிக்கல், தசைவலி, நாடித்துடிப்பு குறைதல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். வெயில் பட்டால் தோல் வெந்துபோகும், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் குடையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் வெளியே போகக்கூடாது.

மூன்று வருடம் முடிந்ததும் ஓசிமெர்டினிப்பைப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை, ஒரே நாளில் நிறுத்தலாம். தோலும் நகமும் மெல்லத் தேறும். ஸ்கேன்களை மட்டும் விடக்கூடாது, நிறுத்திய பிறகு நோய் திரும்புவது சிலரிடம் நடக்கிறது. கடைசி மாத்திரை போட்ட தேதியை மருத்துவமனைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் ஏதாவது தெரிந்தால், மாத்திரை ஓடும்போதே வந்ததா, நிறுத்திய பிறகு வந்ததா என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வி. நிறுத்திய பிறகு வந்ததென்றால் இதே மருந்தை மறுபடி கொடுத்துப் பார்க்க இடம் இருக்கிறது.