டேங்க் அடித்தண்ணி இறைக்க 18 வாட் கூலர் மோட்டார்: வாங்கலாமா?

மழைத்தண்ணி பிடிக்கிற 5000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்கை இடம் மாற்றும்போது அடியில் தண்ணி வடிக்கிற வாஷ்அவுட் குழாயைத் திறந்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்போம். அப்படித் தீராது. வெளிக்குழாய் அடியிலிருந்து மூணு நாலு அங்குலம் மேலே இருப்பதால் நாலு விரக்கடைத் தண்ணி உள்ளேயே கிடக்கும். ஆறடி விட்டமுள்ள டேங்கில் ஒரு சென்டிமீட்டர் தண்ணி 26 லிட்டர். நாலு விரக்கடைக்கு இருநூறு கிலோ தாண்டிவிடும். அதோடு டேங்கைச் சரித்தால் மொத்தத் தண்ணியும் ஒரே பக்கம் ஓடி, பிடித்திருப்பவர் கையை மீறிப் போகும். பாரம் குழாய் முட்டுகிற இடத்தில் இறங்கினால் டேங்க் சுவரில் மாட்டியிருக்கிற நிப்பிளை, அதாவது குட்டைக் குழாய்த் துண்டைச் சுற்றி விரிசல் விடும்.

அரை எச்.பி. ஓப்பன்வெல் மோட்டார் இதற்கு ஆகாது. மேல் தண்ணியைச் சட்டென்று இறைக்கும். ஆனால் உடம்பு தண்ணிக்குள் முங்கியிருந்தால்தான் அது சூடு ஆறும். அடித்தண்ணியில் ஓட்டினால் காற்றை இழுத்து, சீல் போய், காயில் வரைக்கும் செலவு வைக்கும். ஏர் கூலருக்குள் போடுகிற 18 வாட் குட்டி மோட்டார் முந்நூறு ரூபாய் சுமாருக்குத் திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணாரப்பேட்டைப் பக்கம் எலக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கும். தண்ணி ஒன்றரை சென்டிமீட்டருக்கு வரும்வரை இழுக்கும். இந்த வேலைக்கு அது போதும், ஓஸை எந்த வழியாக வெளியே எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து.

பெட்டியில் 1.8 மீட்டர் அல்லது அதற்குக் கொஞ்சம் கூட உயரம் போட்டிருப்பான். அது தண்ணி ஏறி அப்படியே நின்றுவிடுகிற உயரம். அங்கே சொட்டுகூட வெளியே விழாது. டேங்க் மூடியோ தரையிலிருந்து ஆறு, ஆறரை அடி. மேல் வழியாக ஓஸை எடுத்தவர்கள்தான் "மோட்டார் டூப்ளிகேட்" என்று கடைக்கார அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போகிறவர்கள்.

ஓஸைக் கீழ்வழியாக எடுக்க வேண்டும். தண்ணி குழாய் மட்டத்துக்கு வடிந்ததும் வெளியே உள்ள ஒரு இஞ்ச் வால்வைக் கழற்றுங்கள். நிப்பிளைத் தொட வேண்டாம். அரை இஞ்ச் ஓஸ் அந்த நிப்பிளுக்குள் தாராளமாக நுழையும். வெளியிலிருந்து பத்தடி ஓஸை உள்ளே தள்ளி, மேல் மூடி வழியாகத் தொரட்டியை விட்டு அதன் நுனியை மாட்டித் தூக்குங்கள். நுனியை மோட்டார் மூக்கில் சொருகிக் கிளிப் போட்டு, மோட்டாரைக் கயிற்றில் கட்டி இறக்கிவிட்டு, மிச்ச ஓஸை வெளியே இழுத்துக்கொள்ளலாம். வயரைப் பிடித்து இறக்கவே கூடாது. இப்போது தண்ணி ஏற வேண்டியது நாலு அங்குலம்தான். இருநூறு லிட்டர் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரத்தில் காலியாகும்.

இதன் பெரிய குறை வயர். ஒரு மீட்டர் அளவுக்குத்தான் கொடுப்பார்கள், ஜாயின்ட் போடாமல் முடியாது. அந்த ஜாயின்ட் தண்ணிக்கு மேலே தொங்குகிற மாதிரி கயிற்றோடு சேர்த்துக் கட்டுங்கள். லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற பிரேக்கர்) இருக்க வேண்டும். பிளக் சொருகியிருக்கும்போது ஆள் டேங்குக்குள் இறங்கக் கூடாது; மோட்டார் சின்னது என்பதால் ஷாக் சின்னதாகிவிடாது.

அடுத்த தொல்லை வண்டல். மொட்டைமாடியிலிருந்து வந்த மணலும் வேப்பஞ்சருகும் அடியில் படிந்திருக்கும். மோட்டாரின் காந்த ரோட்டரில் ஒரு மணல் பரல் மாட்டினாலும் 'கிர்ர்' என்று சத்தம் மட்டும் வரும். பழைய கொசுவலையை இரண்டாக மடித்து மோட்டாரைச் சுற்றிக் கட்டினால் போதும். வேட்டித் துணி கட்டினால் பத்து நிமிஷத்தில் பாசி அப்பி அடைத்துக்கொள்ளும். சத்தம் உண்டு, தண்ணி வரவில்லை என்றால் காற்று அடைத்திருக்கலாம்; கயிற்றை இழுத்து ஒருதரம் சாய்த்து விடுங்கள்.

ஒன்றரை சென்டிமீட்டருக்கு வந்த பிறகும் நாற்பது லிட்டர் மிச்சம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பேர் எதிர்ப்பக்க விளிம்பைத் தூக்கி ஒரு செங்கலைக் கொடுத்தால் தண்ணி மோட்டார் பக்கம் ஒதுங்கும். மறுபடி ஓட்டலாம். கூட நிற்க வேண்டும். தானாக நிற்கிற சுவிட்ச் இதில் கிடையாது, வெறுமனே ஓடினால் கருகிவிடும். கடைசிச் சேற்றை முறமும் வாளியும்தான் எடுக்கும்.

வெளியே வருகிற தண்ணியைத் தென்னைக்கோ ரீசார்ஜ் குழிக்கோ கொண்டுபோய் விடுங்கள். மேடைக்கு அடியில் விட்டால் மண் இளகித் தூக்குகிறவர்கள் கால் வழுக்கும். ராதாபுரம், பணகுடிப் பக்கம் ஆனி, ஆடிக் காத்தில் இந்த வேலை என்றால், இறைப்பதற்கு முன்பே டேங்கைச் சுற்றிக் கயிறு போட்டுவிடுங்கள். காலி டேங்க் உருண்டால் பிடிக்க ஆள் காணாது.

டேங்க் இரண்டடி மேடையில் இருந்தால் இந்த மோட்டாரே வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூபில் தண்ணி நிரப்பி, இரண்டு நுனியையும் விரலால் அடைத்து, ஒன்றை அடித்தண்ணியிலும் ஒன்றை மேடைக்குக் கீழேயும் போட்டால் தானாக வடியும். உள் நுனியைச் சாய்வாக வெட்டி ஒரு போல்ட்டைக் கட்டுங்கள், மிதக்காது. வாயால் உறிஞ்சாதீர்கள், மாடியில் புறா எச்சம் கழுவி வந்த தண்ணி அது. தரையோடு தரையாக வைத்த டேங்குக்குத்தான் கூலர் மோட்டார். வாங்கும்போது அடி மூடியைக் கழற்றி ரோட்டர் விரலுக்குச் சுற்றுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.