1000 கஜத்துக்கு 10 மடங்கு ஸ்கோப் போதுமா?

பல வருஷமாக என் .308 (தோட்டா ரகம்) துப்பாக்கியின் மேல் இருப்பது 42 மி.மீ. முன்கண்ணாடியும் மில் ரெட்டிகிளும் (மில் அளவில் குறியிட்ட குறுக்குக் கோடுகள்; ஒரு மில் என்பது 1000 கஜத்தில் ஒரு கஜம்) கொண்ட 10 மடங்கு ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி. ஜூம் கிடையாது. டென்வரிலிருந்து ஐ-25 சாலையில் தெற்கே போனால், நியூ மெக்சிகோ எல்லை தாண்டியதும் ராட்டன். அங்குள்ள விட்டிங்டன் மையம் என்ற துப்பாக்கிச் சுடுதளத்தில்தான் பெரும்பாலும் சுடுவேன். "இதை வைத்தா ஆயிரம் கஜம்?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை.

கணக்குப்படி, 1000 கஜத்தில் இருப்பது 10 மடங்கில் 100 கஜத்தில் வெறுங்கண்ணால் பார்ப்பது போலத் தெரியும். இலக்காக நிற்கும் இரும்புத் தகட்டுக்கு அது தாராளம். அமெரிக்க ராணுவம் 1988-இல் எடுத்துக்கொண்ட எம்24 துப்பாக்கியிலும் லூபோல்டின் நிலையான 10 மடங்கு ஸ்கோப்தான் இருந்தது. ராட்டனில் 1,123 கஜத்தில் நிற்கும் வெள்ளைக் காட்டெருமை உருவ இலக்கைக் குறிவைக்க எனக்குச் சிரமம் இருந்ததே இல்லை. அடிப்பது வேறு விஷயம்.

ஏனென்றால் அங்கே ஆளைக் கவிழ்ப்பது காற்று. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று அடித்தால், 175 கிரெயின் (சுமார் 11 கிராம்) தோட்டா 1000 கஜம் போவதற்குள் ஓர் ஆள் உயரம் பக்கவாட்டில் ஒதுங்கிவிடும். அதற்கு இலக்கைப் பெரிதாக்கிக் காட்டுவதை விட, சுற்றியுள்ள மண்மேட்டைக் காட்டுவதுதான் உதவி. உதைப்பு அடங்கி ரெட்டிகிள் திரும்பவும் நிற்கும்போது தோட்டா இன்னும் பறந்துகொண்டிருக்கும். தவறினால், தகட்டுக்கு இடப்பக்கம் பொட்டுப் புழுதி எழும். முக்கால் மில் என்று ரெட்டிகிளிலேயே அளந்து, அவ்வளவு வலப்பக்கம் பிடித்து, காற்று மாறுவதற்குள் அடுத்ததைச் சுடலாம். 25 மடங்கில் உதைப்போடு தகடே காட்சியை விட்டுப் போய்விடும், புழுதியைப் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்லும் துணையாள், அதாவது ஸ்பாட்டர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் கானல். கோடை மத்தியானத்தில் பெரிய ஸ்கோப்காரர்கள் ஒவ்வொருவராக ஜூமைக் குறைத்து 12, 15 என்று வந்துவிடுவார்கள். 10 மடங்கிலும் கானல் தெரியும், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று படிக்கிற அளவுக்கு. இலக்கைக் கரைத்துவிடாது.

காகித இலக்கு என்றால் கதை வேறு. 200 கஜம் தாண்டினால் ஓட்டையைப் பார்க்க வழியில்லை, தனியாக ஸ்பாட்டிங் ஸ்கோப் வேண்டும். துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துத் தொலைதூரக் காகித இலக்கைச் சுடும் எஃப்-கிளாஸ் போட்டியில் 1000 கஜத்து எக்ஸ் வளையம் (நட்டநடு வளையம்) 5 அங்குலம்தான். அங்கே 40 மடங்குக்கு மேல் வைத்திருப்பவர்களோடு இதைக் கொண்டுபோய் உட்காருவதில் அர்த்தமில்லை.

எனக்குள்ள உண்மையான குறை பெருக்கத்தில் இல்லை, தூரத்துக்கு ஏற்பக் குறியை ஏற்றி இறக்கத் திருகும் குமிழில். ஒரு சுற்றுக்கு 5 மில்தான். ராட்டன் உயரத்தில் காற்று லேசு, தோட்டா கொஞ்சம் குறைவாகவே இறங்கும். அப்படியும் 1000 கஜத்துக்கு இரண்டு சுற்றை ஒட்டி வந்துவிடும். எந்தச் சுற்றில் நிற்கிறோம் என்று குமிழுக்கு அடியில் உள்ள கோடுகளை எண்ண வேண்டும். அவசரத்தில் இது எரிச்சல். குமிழைத் திருப்பிக் கொண்டுவரும்போது பூஜ்யத்தில் (முதலில் குறி சரிசெய்து வைத்த நிலையில்) தானாக நிற்கும் வசதியும் இதில் இல்லை.

இந்த ரகம் வாங்குபவர்கள் ஸ்கோப்புக்கு அடியில் 20 எம்ஓஏ (ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்கு) சாய்வுள்ள தண்டவாளம், அதாவது ஸ்கோப்பைப் பொருத்தும் பட்டை, போட்டுக்கொள்ளுங்கள். பல ஸ்கோப்புகளில் அது இல்லாமல் .308-ஐ ஆயிரம் கஜத்துக்கு ஏற்றக் குமிழில் இடம் பற்றாது. காற்றுமானிக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள், ஜூமுக்குக் கொடுப்பதை விட அது நன்றாகவே உழைக்கும்.