மணல் கலந்த உருண்டை: துருவக் கடலின் அடிக்குக் காபனைக் கொண்டுபோவது யார்?

கொட்டியாரக் குடாவில், பெரியப்பாவின் பைபர் வள்ளத்தில் ஒரு விடிகாலை. மீனைக் கூட்டுவதற்குப் பழஞ்சோறும் மீன் கழிவும் கலந்த வாளியை என் பக்கம் தள்ளினார். நான் அள்ளி அப்படியே வீசினேன். சோறு வெள்ளையாகப் பரவி ஒரு பாகம் ஆழம்கூட இறங்கவில்லை, சூடைக் கூட்டம் வந்து மொய்த்துத் தீர்த்துவிட்டது. “சும்மா போட்டா மேலையே சூடை திண்டு முடிச்சிடும் தம்பி. மண்ணைச் சேர்த்து இறுக்கிப் பிசை, அப்பதான் அடிக்குப் போகும்” என்றார். சாக்கில் இருந்த கடற்கரை மணலில் ஒரு பிடி போட்டுப் பிசைந்து, தேசிக்காய் அளவில் உருட்டிப் போட்டேன். சூடைகள் திரும்புவதற்குள் உருண்டை பச்சைத் தண்ணீருக்குள் மறைந்துவிட்டது.

உயர்தர வகுப்பில் காபன் வட்டம் சொல்லித் தரும்போது நான் இந்த உருண்டையில் இருந்துதான் தொடங்குவேன். கடலின் மேல்தட்டில் வாழும் நுண்ணிய தாவரப் பிளாந்தன்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 கோடி தொன் காபனை உடலாக மாற்றுகின்றன. அதில் கடலின் தரை வரை போய்ச் சேர்வது நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. மிச்சமெல்லாம் வழியிலேயே தின்னப்பட்டு, மூச்சாக வெளிவந்து, மறுபடி காபனீரொட்சைட்டாகிவிடுகிறது. 1987இல் ஜோன் மாட்டின் என்ற அமெரிக்க ஆய்வாளரும் கூட்டாளிகளும் பசிபிக்கில் பொறிகளைத் தொங்கவிட்டு, விழும் துகள்களை ஆழம் ஆழமாக அளந்தார்கள். அவர்கள் வரைந்த வளைகோட்டின்படி 100 மீற்றர் ஆழத்தைத் தாண்டிய காபன் நூறு என்றால், 1,000 மீற்றரில் 14 மிஞ்சும், 4,000 மீற்றரில் 4 மிஞ்சும். இழப்பில் பெரும்பகுதி முதல் சில நூறு மீற்றரிலேயே நடந்து முடிகிறது. கடலுக்குள்ளும் சூடைகள் மேலேதான் காத்திருக்கின்றன.

ஆயிரம் மீற்றருக்குக் கீழே போன காபன் பொதுவாக நூற்றாண்டுக் கணக்கில் காற்றுக்குத் திரும்பாது என்பதால், எந்தச் சுமைகாரர் எவ்வளவு ஆழம் கொண்டுபோகிறார் என்பது நமது சூடேறும் வானத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கேள்வி.

துருவத்தில் இந்தக் கணக்கு இன்னும் கடினமானது. அங்கே வெளிச்சம் சில மாதங்களுக்குத்தான். பனி விலகியதும் பிளாந்தன்கள் பொங்கி எழும், கொஞ்ச நாளில் அடங்கிவிடும். ஆண்டு முழுவதற்குமான மழை சில வாரங்களில் கொட்டித் தீர்வது மாதிரி. இன்னொரு விசயமும் உண்டு, இதைப் பலரும் யோசிப்பதில்லை. உறைநிலைக்கு அருகில் உள்ள கடல்நீரின் பிசுபிசுப்பு, நமது குடாவின் வெதுவெதுப்பான நீரைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதே சின்னத் துகள் அங்கே பாதி வேகத்தில்தான் தாழும். ஆனால் குளிரில் பற்றீரியாக்களும் மெதுவாகத்தான் தின்னும். ஒரு கை எடுத்ததை மறு கை கொடுக்கிறது.

சரி, போட்டியாளர்களைப் பார்ப்போம். முதலாவது டயட்டம், பாடப்புத்தகத்தில் தயற்றம் என்று இருக்கும். கண்ணாடிக்குள் குடியிருக்கும் பாசி. சிலிக்காவால் ஆன அந்த ஓடு தண்ணீரை விடக் கனமானது, பெரியப்பாவின் மணலைப் பிறப்பிலேயே உடம்பில் கட்டிக்கொண்டு வருகிறது என்று சொல்லலாம். பூத்து முடிந்து உணவு தீர்ந்ததும் பசை போன்ற ஒன்றை வெளிவிட்டு ஒன்றோடொன்று ஒட்டி, பஞ்சுத் துணுக்குகளாகி விழும். இதைத்தான் கடற்பனி என்கிறார்கள். தனித்தனிக் கலமாக இருந்தால் நாளுக்கு ஒரு மீற்றர் இறங்குவதே பாடு, துணுக்கானதும் நூறு மீற்றருக்கு மேலும் போகும்.

டயட்டத்தின் பலமும் பலவீனமும் இரண்டு பரிசோதனைகளில் தெரிந்துவிட்டது. 2004இல் ஜேர்மன் ஆய்வுக் கப்பல் போலார்ஸ்டேர்ன் தென்சமுத்திரத்தில் ஒரு சுழலுக்குள் இரும்புச் சத்தைத் தூவியது. டயட்டங்கள் பொங்கின. பொங்கியதில் குறைந்தது பாதி 1,000 மீற்றருக்குக் கீழே இறங்கிவிட்டதாக 2012இல் முடிவு வெளியானது. 2009இல் அதே கப்பல், இம்முறை கோவாவில் உள்ள இந்தியத் தேசிய கடலியல் நிறுவனத்தோடு சேர்ந்து, லோகாபெக்ஸ் என்ற பெயரில் 300 சதுர கிலோமீற்றரில் அதையே செய்து பார்த்தது. லோஹா என்றால் இந்தியில் இரும்பு, நமது உலோகம் என்ற சொல்லின் உறவு. பெயரைக் கேட்டதுமே நமக்கு விளங்கும். அந்த நீரில் டயட்டத்துக்குப் போதுமான சிலிக்கா இல்லை. டயட்டம் வளரவில்லை. ஓடில்லாத சின்னப் பாசிகள் வளர்ந்தன, அவற்றைக் கொப்பெபொட் என்ற கடுகளவு கூனிகள் தின்றன, கூனிகளைப் பெரிய ஓட்டுயிரிகள் தின்றன. ஆழத்துக்குப் போனது மிகக் கொஞ்சம். ஒரே கப்பல், ஒரே இரும்பு. மணல் இல்லாத உருண்டை மேலேயே கரைந்துபோனது. கடலில் இரும்பைக் கொட்டினால் பூமி குளிர்ந்துவிடும் என்று யாராவது எளிதாகச் சொன்னால், இந்த இரண்டாவது கதையையும் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

அடுத்த இருவரையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே இடத்தில் ஒரே பாசியை மேய்கிறவர்கள். ஒருவர் கிறில். சம்பலுக்கு நாம் வாங்கும் கூனியின் பெரிய உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆறு சென்ரிமீற்றர் வரை வளரும். அந்தாட்டிக்காவைச் சுற்றி 30 கோடி தொன்னுக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மற்றவர் சல்ப். சொறிமுட்டை போலக் கண்ணாடியாகத் தெரியும் பீப்பாய் உடம்பு, ஆனால் உறவு முறையில் சொறியை விட நமக்குத்தான் நெருக்கம்.

இவர்கள் கொண்டுபோவது தங்கள் எச்சத்தில். கிறில் எச்சம் மெல்லிய சவ்வுக்குள் அடைத்த நூல் மாதிரி. நாளுக்கு நூற்றுக்கணக்கான மீற்றர் தாழும். சல்ப் எச்சம் தட்டையான பெரிய சிப்ஸ் துண்டு மாதிரி. அதுவும் வேகமாகவே தாழும், சில சமயம் இன்னும் வேகமாக. வேகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் சல்புக்குத்தான் மாலை விழும். நானும் ஒரு காலத்தில் வகுப்பில் அப்படித்தான் சொன்னேன். 2021இல் வெளியான ஓர் ஆய்வு அதை மாற்றியது. அந்தாட்டிக்கத் தீபகற்பத்தருகே இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். எச்சமாக வெளியேற்றிய காபனில் சல்ப் கிறிலைப் போல் நான்கு மடங்கு. ஆனால் 300 மீற்றரில் தொங்கிய பொறியில் இரண்டும் சரிசமம். காரணம், கிறில் எச்சத்தில் 72 சதவீதம் அந்த ஆழத்தைத் தாண்டியது. சல்ப் எச்சத்தில் 80 சதவீதம் மேல்தட்டிலேயே நொறுங்கித் தங்கிவிட்டது. பெரிதாக உருட்டினால் போதாது, இறுக்கியும் பிசைய வேண்டும்!

கிறிலுக்கு வேறு இரண்டு சாதகங்கள் இருக்கின்றன. கூட்டமாக வாழ்வதால் எச்சம் தூறலாக விழாமல் அடைமழையாகக் கொட்டும்; கீழே காத்திருக்கும் வாய்களால் எல்லாவற்றையும் பிடித்துத் தின்ன முடியாது. பனி விளிம்பில் மட்டும் கிறில் எச்சம் பருவத்துக்கு சுமார் 4 கோடி தொன் காபனை மேல்தட்டில் இருந்து இறக்குவதாக 2019இல் ஒரு மதிப்பீடு வந்தது. அப்புறம் சட்டை உரிப்பது. கிறில் சில வாரங்களுக்கு ஒருமுறை பழைய ஓட்டைக் கழற்றிப் போடும். தென்சமுத்திரத்தின் ஸ்கோஷியாக் கடலில், அதன் வடபகுதியில் ஆண்டு முழுவதும் பொறி வைத்துப் பார்த்தபோது, விழுந்த காபனில் ஏறத்தாழப் பாதி இந்தக் கழற்றிய சட்டைகள்தான். காய்ந்த கூனியைப் புடைக்கும்போது முறத்தில் ஒதுங்குமே மெல்லிய ஓட்டுத் தூள், அதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூள் ஒரு சமுத்திரத்தின் கணக்கையே மாற்றுகிறது என்பது எனக்கு இன்னும் வியப்பு.

தென் துருவத்தில் என் தீர்ப்பு கிறிலுக்கு. டயட்டம் பொங்கினால் பெரிதாகக் கொண்டுபோகும், ஆனால் சிலிக்காவும் இரும்பும் பொருந்திவர வேண்டும். சல்ப் வரும் ஆண்டில் வரும், வராத ஆண்டில் வராது. கிறில் ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. அதனால்தான் கிறில் பிடிப்பு விசயத்தில் எனக்குக் கவலை. தென் அத்திலாந்திக்குப் பக்கத்துப் பிடிப்புக்கு விதிக்கப்பட்ட எல்லை 620,000 தொன். 2025இல் முதன்முறையாக அதைத் தொட்டுவிட்டதால் பருவம் முடியும் முன்பே பிடிப்பை நிறுத்த வேண்டி வந்தது. பிடிக்கும் தொன்னை எண்ணுகிறவர்கள், அந்தக் கிறில்கள் கீழே அனுப்பியிருக்கக்கூடிய காபனையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஆட்டிக்கில் இந்தக் கிறில் இல்லை. அங்கே போட்டி பனிக்கடியில். மெலோசிரா ஆட்டிக்கா என்ற டயட்டம் கடற்பனிக் கட்டியின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, மீற்றர் கணக்கில் நீண்ட இழைகளாகத் தோரணம் போலத் தொங்கும். பனி உருகியதும் தோரணம் அறுந்து மொத்தமாக விழும். 2012ஆம் ஆண்டின் கோடை இறுதியில் ஆட்டிக் பனிப்பரப்பு அதுவரை அளந்ததிலேயே ஆகக் குறைந்த அளவாக, 34 லட்சம் சதுர கிலோமீற்றருக்குச் சுருங்கியது. அந்த வேளையில் அங்கே இருந்த போலார்ஸ்டேர்ன், கடலடிக்குக் கமெராவை இறக்கியது. 3,500 மீற்றருக்கும் 4,400 மீற்றருக்கும் இடைப்பட்ட தரையில் பாசிக் கட்டிகள் சிதறிக் கிடந்தன. சில கட்டிகள் அரை மீற்றர் அகலம். பக்கத்தில் கடலட்டைகள் குடல் நிறையத் தின்றுகொண்டிருந்தன. இங்கே கடலட்டைக்கு மூழ்கப் போகிற பையன்களிடம் இதைச் சொன்னபோது ஒருவன் கேட்டான்: “அவ்வளவு ஆழத்திலையும் அட்டை இருக்கா அண்ணை?” இருக்கிறது. மேலிருந்து விழுவதை நம்பியே இருக்கிறது.

சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 9 கிராம் காபன் என்று அந்த ஆண்டுக்குக் கணக்கிட்டார்கள். வறண்ட கடல் என்று நினைத்திருந்த நடு ஆட்டிக்குக்கு இது பெரிய விருந்து. இழைகள் கற்றையாக விழுவதால் வழியில் தின்கிறவர்களுக்கு அகப்படுவது குறைவு. ஒரே இடத்தில் தொங்கும் பொறியிலும் எளிதில் அகப்படாது, அதனால்தான் இவ்வளவு காலம் கணக்கில் வரவில்லை. ஆனால் ஒழுங்கான சுமைகாரர் என்று சொல்லமாட்டேன். ஓரிடத்தில் குவியலாக விழும், பக்கத்தில் ஒன்றுமே இருக்காது. இப்போது அந்தத் தோரணங்களில் சுற்றியுள்ள நீரை விடப் பத்து மடங்கு நுண்பிளாஸ்டிக் சேர்ந்திருப்பதும் தெரிய வந்திருக்கிறது. காபனோடு சேர்த்து அதையும் அட்டைகளின் வாய்க்கே கொண்டுபோகிறது.

கடைசிப் போட்டியாளரை யாரும் எதிர்பார்க்கவில்லை. பேயோசிஸ்டிஸ், ஓடே இல்லாத வழுவழுப்பான பாசி. மணல் இல்லாத சோறு. ஆழத்துக்குப் போகாது என்றே எல்லோரும் எழுதி வைத்திருந்தார்கள். 2015 வசந்தத்தில் நோர்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே பனிக்கடியில் இது பூத்தபோது, 2,000 மீற்றருக்கும் கீழே இதன் கட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. கட்டிகளுக்குள் ஊசி ஊசியாகப் படிகங்கள். பார்த்தால் ஜிப்சம்! வெண்கட்டி செய்கிறோமே, அதே பொருள். கடல்நீர் நன்றாக உறையும்போது அதில் உள்ள உப்புகள் செறிந்து, பனிக்குள்ளேயே ஜிப்சம் படிகமாகிறது. பனி உருகும்போது அது உதிர்ந்து, பாசியின் வழுவழுப்பில் சிக்கி, பாரமாகிக் கீழே இழுக்கிறது. பெரியப்பாவின் கை செய்த வேலையை அங்கே பனி செய்கிறது.

ஆட்டிக்கில் யாருக்குத் தீர்ப்பு என்றால், இன்றைக்கு மெலோசிராவைச் சொல்வேன், அரைமனதோடு. பனி மெலியும் ஆண்டுகளில் வெளிச்சம் ஊடுருவுவதால் இழைகள் செழிக்கலாம், விழுவதும் கூடலாம். ஆனால் அது பனியில்தான் தொங்குகிறது. ஜிப்சமும் பனிக்குள்தான் பிறக்கிறது. கோடையில் பனியே இல்லாத ஆட்டிக்கில் இரண்டு பேருக்கும் நிற்க இடம் இருக்காது. மிஞ்சுவது திறந்த நீரின் சின்னப் பாசிகள், அவற்றை மேலேயே முடிக்கக் காத்திருக்கும் கொப்பெபொட்கள், 4,000 மீற்றர் கீழே மேலே பார்த்துக்கொண்டிருக்கும் அட்டைகள்.